‘பிடிங்க… விடுங்க’: நினைவு தப்பியவரின் கைகால் அசைவைக் கணிப்பது

பட்டாசு ஆலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்து கிடத்தியதும், அவருக்கு நினைவு எந்த அளவில் இருக்கிறது என்று அறிய நாம் கேட்கும் மூன்று கேள்விகளில் இரண்டு கைகொடுக்காமல் போய்விடும். கண்ணைத் திறக்கிறாரா? இமைகள் வெந்து, கொஞ்ச நேரத்தில் வீங்கி மூடிக்கொள்ளும். பேசுகிறாரா? சூடான புகையை இழுத்துத் தொண்டை வீங்கியிருக்கும். அல்லது மூச்சுக்குழாயில் ஏற்கெனவே டியூப் போட்டிருப்பார்கள். மிச்சம் இருப்பது கைகால் அசைவு மட்டும். அதைச் சரியாகப் பார்க்கத் தெரியாவிட்டால் அவருடைய மூளையைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் 108 வண்டியில் வேலை செய்யும் மருத்துவ உதவியாளர்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், இருக்கன்குடித் திருவிழா முகாமில் பணியில் இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சாத்தூருக்குக் கிழக்கே 8 கி.மீ. அளவில், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சூழ்ந்த இடத்தில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கில் சனம் வரும். நடந்தே வருகிறவர்கள் ஏராளம். விரதத்தோடு வருகிறவர்கள், வெயிலில் சுருண்டு விழுகிறவர்கள், நாற்கரச் சாலையின் ஓரத்தில் இருட்டில் நடந்து வண்டியில் அடிபடுகிறவர்கள், ஆற்று மணலில் துண்டை விரித்துப் படுத்துப் பாம்புக்கடியோடு எழுகிறவர்கள் என்று ஒரே இரவில் பலவகையான ‘பேச்சு மூச்சில்லாத’ ஆட்கள் உங்கள் கட்டிலுக்கு வரக்கூடும். காரணம் வேறு வேறாக இருந்தாலும், கணிக்கும் முறை ஒன்றுதான்.

அந்த முறை கிளாஸ்கோ நகரத்திலிருந்து வந்தது. கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் 1974-இல் ‘லான்செட்’ இதழில் அதை வெளியிட்டார்கள். அதுவரை ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’ என்று ஆளுக்கொரு சொல்லை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய அரை மயக்கம் அடுத்தவருக்கு ஆழ்ந்த மயக்கமாக இருந்தது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 என்று இன்று நாம் போடும் கணக்கு அங்கே தொடங்கியதே. முதல் வடிவில் அசைவுக்கு ஐந்து படிகளே இருந்தன. ஆறாவது சில ஆண்டுகளில் சேர்ந்தது. தலைக்காயத்தில் மூன்றில் அதிகம் சேதி சொல்வது அசைவுதான். அமெரிக்காவில் 2021-இல் திருத்திய விபத்துக் கள வழிகாட்டுதல், கூட்டுத்தொகையைக்கூடக் கேட்பதில்லை. அடிபட்டவர் சொன்னதைச் செய்யவில்லை, அதாவது அசைவு 6-க்குக் கீழே இருக்கிறது என்றாலே பெரிய விபத்து சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது.

தொடும் முன்

மூச்சுப்பாதை, மூச்சு, நாடித்துடிப்பு மூன்றையும் பார்க்காமல் அசைவைக் கணிக்க உட்காராதீர்கள். ஆக்சிஜன் குறைந்த மூளையும் ரத்த அழுத்தம் இறங்கிய மூளையும் தருகிற எண் பொய் எண். அவற்றைச் சரிசெய்துவிட்டு எடுக்கிற எண்ணைத்தான் நம்பலாம்.

அடுத்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை. இதை இருக்கன்குடி முகாமில் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு, விரதம் என்று சாப்பிடாமல், வெயிலில் நடந்து வந்த அறுபது வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டால் ஒரு பக்கக் கைகால் விழுந்து பக்கவாதம் போலவே தெரியும். கை விறைத்து நீண்டு, மூளை நசுங்கியவரைப் போலவும் தெரியும். நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து ‘செருப்பு எங்கே’ என்று கேட்பார். குளுக்கோமீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு கணியுங்கள். மயங்கியவர் வாயில் சோடாவோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்ற யாரையும் விடாதீர்கள்.

இவை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கள். சும்மா பாருங்கள். இந்தச் சில நொடிகளை யாரும் செலவிடுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றுகிறது. முகத்தில் வைத்த ஆக்சிஜன் மாஸ்க்கை ஒருவர் தானாகவே பிடித்து இழுத்தால், தொந்தரவு எங்கே இருக்கிறது என்று அவர் மூளைக்குத் தெரிகிறது. விலகிய சேலையை ஒரு பெண் இழுத்து மூடினால் அதுவும் அப்படியே. இரண்டு கையும் அசைகிறதா, ஒன்று மட்டும் செத்தது போலக் கிடக்கிறதா என்பதும் இப்போதே தெரிந்துவிடும். நீங்கள் அழுத்தத் தொடங்கிய பிறகு இந்த இயல்பான அசைவுகளைப் பார்க்க முடியாது.

சொல்லிப் பார்ப்பது

அடுத்தது கட்டளை. காதருகே குனிந்து, தெளிவாக, உரக்கச் சொல்லுங்கள். கோவில் பக்கம் உறுமியும் ஒலிபெருக்கியும் ஓய்வதில்லை. வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு சொல்வது நல்லது. ‘ஏய்’ என்று அதட்ட வேண்டாம். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் வயதுக்குத் தக்கபடி ‘அம்மா’, ‘ஐயா’, ‘அண்ணே’, ‘தம்பி’. அரை நினைவில் இருப்பவர் பழகிய விளிக்குத் திரும்புவார். இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. நினைவு மங்கும்போது வீட்டு மொழிதான் கடைசி வரை நிற்கும். உடன் வந்தவரை விட்டு அந்த மொழியில் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

கட்டளை இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். உங்கள் இரு விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்து, ‘என் விரலை இறுக்கிப் பிடிங்க’ என்று சொல்லுங்கள். பிடித்ததும், ‘இப்ப விடுங்க’. விட்டால்தான் 6. பிடித்ததோடு நிறுத்திக்கொண்டு 6 போடுவது இந்த அளவுகோலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மூளையின் முன்பகுதி அடிபட்டவருக்கு, உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். பிறந்த குழந்தை விரலைப் பற்றுகிறதே, அதே அனிச்சைச் செயல்தான். பிடிப்பதற்கு நினைவு வேண்டியதில்லை. சொன்னதைக் கேட்டு விடுவதற்குத்தான் நினைவு வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ‘இரும்பைக் கொடுத்ததும் பிடிச்சுக்கிட்டான், நினைவு வந்துருச்சு’ என்பார்கள். வந்திருக்காது. சாவியைப் பிடுங்கி எறிய வேண்டாம். ‘சாவியை என்கிட்ட குடுங்க தம்பி’ என்று கேளுங்கள். கொடுத்தால் அதுவே உங்கள் சோதனை. தாய் தந்தையர் ‘என் கையைப் பிடிச்சான் சார்’ என்று கண்ணீரோடு சொல்லும்போது மறுத்துப் பேசவும் வேண்டாம். அவர்களையே ‘விடுப்பா’ என்று சொல்ல வைத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கை இரண்டும் உடைந்திருந்தாலோ வெந்திருந்தாலோ நாக்குக்கு மாறுங்கள்: ‘வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்க… உள்ளே இழுத்துக்குங்க.’ பனை மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவருக்கும் இதுதான் வழி. அவருக்குக் கைகால் வராது. அதற்காக மூளை கெட்டதாக அர்த்தமில்லை. நாக்கை நீட்டினால், சொன்னபடி கண்ணை மேலே உயர்த்தினால், அவருக்கு 6.

அருள் வந்து ஆடி விழுந்தவரைப் பற்றியும் கேட்பீர்கள். ‘சாமி இறங்குது, தொடாதீங்க’ என்பார்கள். அவர்கள் நம்பிக்கையோடு மோதாமல், மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டு அருகில் இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தண்ணீர் கேட்டு எழுந்துவிடுவார்கள். எழாவிட்டால் அவரும் மற்றவரைப் போல ஒரு நோயாளி, சர்க்கரையிலிருந்து தொடங்குங்கள். ‘நடிப்பைக் கண்டுபிடிக்கிறேன்’ என்று பலமாகக் கிள்ளுவதும், கையைத் தூக்கி முகத்தில் போடுவதும் கூடாது.

அழுத்திப் பார்ப்பது

சொல்லியும் செய்யவில்லை என்றால்தான் அழுத்தம். நம் வார்டுகளில் நெஞ்செலும்பின்மேல் விரல் முட்டியால் தேய்ப்பது இன்னமும் வழக்கமாக இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தோல் கன்றிப்போகும், கை நெஞ்சுப்பக்கம் வந்தால் அது தேடி வந்ததா, வெறுமனே மடங்கியதா என்று சொல்லவும் முடியாது. கன்னத்தில் அறைவது, தொடையில் கிள்ளுவது, வெங்காயத்தை மூக்கில் வைப்பது எதுவும் வேண்டாம்.

வேண்டியவை மூன்று இடங்கள். முதலில் விரல் நுனி: பேனாவை விரல் நுனியின் பக்கவாட்டில் வைத்து மெதுவாகத் தொடங்கி, பத்து நொடி வரை அழுத்தத்தைக் கூட்டுங்கள். அடுத்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தடித்த சதை. அதைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் இடையில் பிடித்து முறுக்குங்கள். மூன்றாவது புருவ எலும்பின் கீழ் விளிம்பில் தட்டுப்படும் சிறு பள்ளம். முகத்தெலும்பு உடைந்திருந்தால், கண் அடிபட்டிருந்தால், முகம் வெந்திருந்தால் புருவத்தைத் தொடக் கூடாது.

பக்கத்தில் நிற்கும் உறவுக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: ‘அம்மா, எவ்வளவு நினைவு இருக்குன்னு பார்க்கக் கொஞ்சம் அழுத்துவேன், பயப்படாதீங்க.’ சொல்லாமல் அழுத்தினால் ‘அடிக்கிறாங்க’ என்று கூட்டம் கூடிவிடும். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

தோள்சதையை முறுக்கும்போது, கை காறை எலும்புக்கு மேலே எழுந்து உங்கள் கையைத் தேடி வந்தால் 5. வலி எங்கே என்று மூளை கண்டுபிடித்துவிட்டது. விரல் நுனியை மட்டும் அழுத்துகிறவருக்கு இந்த 5 கிடைக்கவே கிடைக்காது. அழுத்திய கையை இழுத்துக்கொள்வதைத்தான் அவர் பார்ப்பார். 4 என்று எழுதி அனுப்பும் பலருக்கு உண்மையில் 5 இருக்கும். விரல் நுனியோடு நிறுத்தாமல் தோளுக்கும் போகச் சொல்வது இதனால்தான்.

4-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடு சிரமமானது. 1974-இன் முதல் வடிவில் இரண்டும் ஒரே படியாகத்தான் இருந்தன. இரண்டிலும் முழங்கை மடங்கும். வேகத்தைப் பாருங்கள். சுடுகிற பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது போலச் சட்டென்று, உடலை விட்டு விலகி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரியாக மடங்கினால் 4. மெதுவாக, ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி, நெஞ்சுக்குக் குறுக்காக வந்து, முன்கை திரும்பி, கட்டைவிரல் முஷ்டிக்குள் மாட்டிக்கொண்டு, கால் விறைத்து நீண்டால் 3. ஐயம் வந்தால் கட்டைவிரலைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். இன்னும் ஐயம் தீராவிட்டால் எண்ணோடு சேர்த்துப் பார்த்ததை எழுதுங்கள்: ‘வலது கை மெதுவாக மடங்கி நெஞ்சின்மேல் வந்தது.’ மதுரையில் இருக்கும் நரம்பு அறுவை மருத்துவருக்கு, தவறான ஒரு எண்ணைவிட அந்த வரி பயன்படும்.

முழங்கை மடங்காமல் நீண்டு, கை உள்பக்கமாக முறுக்கிக்கொண்டால் 2. வீட்டார் இதை ‘வெட்டு வந்து இழுக்குது’ என்பார்கள். நம்மிலும் சிலர் வலிப்பு ஊசியை எடுத்துவிடுவார்கள். வலிப்பில் வெட்டுக்கள் தாளமாக அடுத்தடுத்து வந்து கொஞ்ச நேரத்தில் ஓயும். இதுவோ நீங்கள் தொடும்போது, சளி உறிஞ்சும்போது, வண்டி குலுங்கும்போதெல்லாம் அதே வடிவில் திரும்பத் திரும்ப வரும். மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பதற்கு இது எச்சரிக்கை. உடனே போனை எடுக்க வேண்டிய கட்டம்.

கணக்குக்கு எடுப்பது நல்ல கையின் அசைவை. நோயின் இடத்தைக் காட்டுவது கெட்ட கை. இடது கை 5, வலது கை 3 என்றால் அளவுகோலில் 5 எழுதுங்கள். பக்கத்திலேயே வலது 3 என்றும் எழுதுங்கள். கண் பாவைகளில் ஒன்று பெரிதாக இருந்தால் அதையும். கால்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாதத்தை அழுத்தினால் கால் மூன்று மூட்டிலும் மடங்கி இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் வேலையாக மட்டுமே இருக்கலாம். மூளை செயலிழந்தவரிடத்தும் அது நடக்கும்.

சிறு குழந்தைகளிடம் கட்டளை செல்லாது. தானாக இயல்பாகக் கைகாலை ஆட்டி, எட்டிப் பிடித்து விளையாடினால் அதையே 6 என்று கொள்ளலாம்.

வெடி விபத்தில்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள். ஆகவே, தீயணைப்புத் துறை ‘வரலாம்’ என்று சொல்லும் வரை மருந்து அறைப்பக்கம் போகாதீர்கள். ஆட்களை வெளியே கொண்டுவந்து ஓரிடத்தில் கிடத்தச் செய்து அங்கே வேலையைத் தொடங்குங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொருவருக்கும் பதினைந்துக்கு எத்தனை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 1983-இல் கலிபோர்னியாவில் உருவான ‘ஸ்டார்ட்’ முறை இங்கே உதவும்: நடக்க முடியாதவர்களிடம் மூச்சு, ரத்த ஓட்டம் பார்த்த பிறகு, எளிய கட்டளை ஒன்று. செய்யவில்லை என்றால் சிவப்பு அட்டை. முதல் வண்டியில் அவர்தான்.

ஆனால் வெடியில் ஒரு சிக்கல் உண்டு. அழுத்த அலை முதலில் கிழிப்பது செவிப்பறையைத்தான். அருகில் நின்றவர்களுக்குக் காது கேட்காது. ‘ஙொய்’ என்று இரையும். நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அவருக்கு உங்கள் உதடு அசைவது மட்டுமே தெரியும். கேட்காததால் செய்யாதவரையும் நினைவில்லாததால் செய்யாதவரையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அவர் முகத்துக்கு நேரே வந்து, நீங்களே நாக்கை நீட்டிக் காட்டுங்கள். கையைத் தூக்கிக் காட்டுங்கள். பார்த்துச் செய்தால் அவர் கட்டளையைப் புரிந்துகொண்டவர். குறிப்பில் ‘காது கேட்கவில்லை, சைகைக்குச் செய்தார், அசைவு 6’ என்று எழுதுங்கள். பக்கவாதத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் அடிபட்டவருக்கும் இதே சைகை உதவும்.

கண்ணும் மூடி, காதும் கேட்காதவர்? அவர் உள்ளங்கையில் உங்கள் விரல்களை வைத்து மெல்ல இருமுறை தட்டுங்கள். நினைவுள்ளவர் அநேகமாகப் பற்றிக்கொள்வார், திருப்பித் தட்டுவார், தன் காதைத் தொட்டுக் காட்டுவார். இது அளவுகோலில் இல்லாத சோதனை. எண்ணாக மாற்றாமல் நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

எங்கே அழுத்துவது என்பதையும் காயம்தான் தீர்மானிக்கும். ஆழமாக வெந்த தோலில் நரம்பு முனைகள் கருகியிருக்கும். அங்கே அழுத்தினால் அசைவு வராது, வராததற்கு மூளை காரணமும் இல்லை. மருந்து கலக்குகிறவர்களுக்கும் செலுத்துகிறவர்களுக்கும் கைகளும் முகமும்தான் முதலில் வேகும். வேகாத இடத்தைத் தேடிப் பெரும்பாலும் தோளின் பின்பக்கச் சதைக்கு வந்து சேருவீர்கள். அதுவும் வெந்திருந்தால் ‘சோதிக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள். 1 என்று எழுதிவிடாதீர்கள். 1 என்பது முறையாக அழுத்தியும் அசைவே இல்லை என்ற முடிவு. பார்க்க முடியாமல் போனதற்கு அந்த எண்ணைத் தரக் கூடாது.

இன்னொன்று. உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார். பிள்ளையைக் கேட்பார், தண்ணீர் கேட்பார். இந்தப் பகுதியில் தீக்காய வார்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள், மறக்கவும் முடியாது. ஆகவே தீக்காயத்தோடு வந்தவர் சொன்னதைச் செய்யவில்லை என்றால், அது தீக்காயத்தால் என்று விட்டுவிடாதீர்கள். வெடியில் தூக்கி எறியப்பட்டுத் தலை மோதியதா, சுவர் மேலே விழுந்ததா, மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடை இழுத்தாரா, உள்ளே ரத்தம் போகிறதா என்று தேடுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டும். அதை நம்பாமல் முழு ஆக்சிஜன் கொடுங்கள்.

அசைவே இல்லாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது; பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை சரிவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, மூச்சு சுருங்குவது. ஆற்றங்கரையில் படுத்தவர் காலையில் எழவில்லை என்று தூக்கி வந்தால், குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டும் முன் இதை நினையுங்கள்.

விஷம் நரம்பும் தசையும் சேருமிடத்தைத்தான் தாக்குகிறது, மூளையைத் தொடுவதில்லை. கண் திறக்கவில்லை, பேச்சு இல்லை, அசைவு இல்லை என்று மூன்றே மூன்று போட்டு, பாவையும் அசையாததைப் பார்த்து, போய்விட்டார் என்றே நினைக்கத் தோன்றும். அவர் அத்தனையும் கேட்டுக்கொண்டு கிடப்பார். முடக்கம் இமையில் தொடங்கிக் கீழே இறங்குவது வழக்கம். எனவே தொடக்கத்தில் கால் விரலில் உயிர் இருக்கும். இமையை உங்கள் விரலால் தூக்கிப் பிடித்து, ‘கேட்குதுன்னா கால் பெருவிரலை ஆட்டுங்க’ என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள். ஆடினால் அந்த ஒரு விரல் அசைவே 6. ஆடாவிட்டாலும், இமை சரிவில் தொடங்கிய கதை இருந்தால், மூச்சை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: பையால் ஊதிக்கொண்டே அழைத்துப் போங்கள், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. பாம்பைப் பிடித்து வரச் சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மூச்சு தாங்கப்பட்டால் நாள்கணக்கில் அசையாமல் கிடந்தவரும் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். அவர் தலைமாட்டில் நின்று ‘இது தேறாது’ என்று எவரும் பேசக் கூடாது.

பூச்சிமருந்து குடித்தவருக்கும் தசை துடித்துப் பிறகு தளர்ந்துபோகும். பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், மருந்து நாற்றம் அடிக்கும். டியூப் போடுவதற்காகத் தசை தளர்த்தும் ஊசி போட்டவரிடமும் அசைவைத் தேடாதீர்கள். ஊசியின் பெயரையும் நேரத்தையும் எழுதாமல் அனுப்பப்பட்டவர், அடுத்த மருத்துவமனையில் தேறாதவர் பட்டியலில் சேர்ந்துவிடக்கூடும்.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

இருக்கன்குடியில் விழுந்தவர் சாத்தூர் அரசு மருத்துவமனை, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, மதுரை இராசாசி மருத்துவமனை என்று மூன்று கைகள் மாறலாம். ஒவ்வொரு கையிலும் அசைவு ஒரே சொற்களில் எழுதப்பட்டால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும். இந்தக் கிளாஸ்கோ அளவுகோலின் மொத்தத்தை ‘ஜி.சி.எஸ். 9’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். கண் 2, பேச்சு 2, அசைவு 5 என்பதும், கண் 3, பேச்சு 3, அசைவு 3 என்பதும் ஒன்பதுதான். இரண்டாமவருடைய நிலை எவ்வளவோ மோசம்.

நினைவு முழுதாகத் திரும்பும் வரை அரை மணிக்கொரு முறை பாருங்கள். பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல், மொத்தத்தில் ஒரு புள்ளி குறைந்து அரை மணி நேரம் அப்படியே நீடித்தால் மருத்துவரை அழைக்கச் சொல்கிறது. குறைந்தது அசைவுப் புள்ளி என்றால் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறது. அசைவில் மட்டும் இரண்டு குறைந்தால் காத்திருக்கவே கூடாது. இரவுப்பணியில் இருக்கும் செவிலியர் இதற்காக மருத்துவரை எழுப்பத் தயங்குகிறார் என்றால், அந்த வார்டில் தயக்கத்தை உண்டாக்கியது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

செலவை நினைத்து உறவினர் தயங்குவதும் உண்டு. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. வண்டி கிளம்பும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

போனில் முன்தகவல் இப்படி இருந்தால் போதும்: ‘நாற்பது வயது ஆண், நாற்கரச் சாலையில் பைக்கில் அடிபட்டவர். சர்க்கரை 130. பத்தே காலுக்குப் பார்த்தபோது கண் 2, பேச்சு 2, அசைவு 5, இரண்டு கையும் சமம். பத்தே முக்காலுக்கு அசைவு 4, வலது கை 3. இடது பாவை பெரிது. மயக்க ஊசி எதுவும் போடவில்லை.’ பெறுகிறவர் இதைக் கேட்டதும் ஸ்கேன் அறையைத் தயார் செய்யலாம். வண்டி வந்ததும், ஸ்ட்ரெச்சரை இறக்கியபின் கொண்டுவந்தவரும் பெறுகிறவரும் சேர்ந்து ஒருமுறை தோள்சதையை அழுத்திப் பாருங்கள். இருவரும் ஒரே எண்ணைச் சொல்கிறீர்களா என்று அங்கேயே தெரிந்துவிடும். வேறுபட்டால் இரண்டையும் நேரத்தோடு எழுதி, எந்த இடத்தில் எப்படி அழுத்தினீர்கள் என்பதையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.